பீரியட்ஸ் வலிக்கு ரப்பர் ஹாட் வாட்டர் பேக்

நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு மெடிக்கல்ல வாங்கின சாதா ரப்பர் பேக் இது, கரண்ட் வேண்டாம், மழைக்காலத்துல இங்க கரண்ட் போறது தெரியும்லா, அதுக்கே எனக்கு இதுதான் பிடிச்சுது. பீரியட்ஸ் நேரம் புராஸ்டாகிளாண்டின்னு ஒண்ணு சுரந்து கர்ப்பப்பைய சுருங்க வைக்கும், அது கூடுனா வலியும் கூடும், சூடு பட்டா அந்த தசை இளகும், அதான் அடிவயித்துல வச்சு கொஞ்ச நேரத்துல அந்த இழுத்துப் பிடிக்கிறது மெல்ல விடுது. தேதி நெருங்கும்போதே எனக்கு நெஞ்சு படபடன்னு அடிக்கும், பஸ்ல வச்சு வந்துருமோ, ஆபீஸ்ல எப்படி இருக்கப்போறேன்னு ராத்திரி தூக்கமே வராது, இப்போ வீட்டுக்குப் போனா பேக் இருக்குன்ற நினைப்பே பாதி தைரியம்.

கொதிக்கிற தண்ணி ஊத்தாதீங்க. முக்கால்வாசிக்கு கம்மியா ஊத்தி, அமுக்கி காத்த வெளியேத்திட்டு மூடிய நல்லா திருகணும், மேல துவர்த்து, அதான் துண்டு, சுத்தி வைங்க, இல்லன்னா தோல் பொத்துரும். உறை தரல, புதுசுல ரப்பர் நாத்தம் வேற, ரெண்டு நாள் வெளிய காயப்போட்டேன் போச்சு.

மாசாமாசம் வலி கூடிட்டே போச்சுன்னா எண்டோமெட்ரியோசிஸாவும் (கர்ப்பப்பை உள்சவ்வு மாதிரி திசு கர்ப்பப்பைக்கு வெளிய வளருற நோய்) இருக்கலாம், பல்லக் கடிச்சிட்டு கெடக்காம ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிலயாவது காட்டிருங்க பிள்ளைகளா.