கம்-அலாங் கிளாம்ப், கேபிள் சாக்ஸ், சீட் பெல்ட்: 11 வருஷம் புழங்கியதில் தெரிந்தது

2014-ல் திண்டுக்கல் பக்கம் சொந்தமாக லைன் வேலை (மின்கம்பி இழுத்துக் கட்டும் வேலை) எடுத்துச் செய்ய ஆரம்பித்தபோது வாங்கியது இவ்வளவுதான்: ஒரு செகண்ட் ஹேண்ட் ஜீப், பல் பல்லாக முடுக்கிக் கம்பியை இழுக்கும் ஒரு ரேச்சட் புல்லர், கம்பியைக் கவ்விப் பிடிக்கும் இரண்டு கம்-அலாங் கிளாம்ப், ஒரு கேபிள் சாக்ஸ். ஜீப்பை விற்றாகிவிட்டது. கிளாம்பில் ஒன்று இன்னும் வேலை செய்கிறது. புதிதாகத் தொழிலுக்கு வரும் தம்பிகள் "எதை வாங்கலாம்ணே" என்று கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதுகிறேன்.

கம்-அலாங்கில் போல்ட் முடுக்கும் வேலையே கிடையாது. கம்பியை இரண்டு தாடைக்கும் நடுவில் வைத்து, பின்னாலிருக்கும் வளையத்தில் புல்லரை மாட்டி இழுத்தால், அந்த இழுவையே தாடையை மூடும். இழுக்க இழுக்கப் பிடி இறுகும். விட்டால் தளரும். போஸ்ட் மேல் ஒரு கையால் தொங்கிக்கொண்டு வேலை பார்க்கிறவனுக்கு இதன் அருமை தெரியும்.

ஆனால் அளவு தப்பினால் அவ்வளவுதான். மின்கம்பிக்கு அளவுக்கு ஒரு பெயர் உண்டு: வீசல் கம்பியின் விட்டம் 7.77 மி.மீ., ரேபிட் 10.05, டாக் 14.15. கண்ணுக்கு வீசலும் ரேபிட்டும் பெரிய வித்தியாசமாகத் தெரியாது. 2016-ல் அவசரத்தில் ரேபிட் கிளாம்பை வீசலில் போட்டோம். புல்லரில் முதல் நாலு பல் வரை நன்றாகத்தான் வந்தது. ஐந்தாவதுக்கு "சர்ர்" என்று ஒரு சத்தம். கம்பி ஒரு முழம் வழுக்கிப் பின்னால் போய்விட்டது. தாடை மூடும் எல்லைக்கே போய் நின்றுவிட்டது, அதற்கு மேல் இறுக இடமில்லை. இறக்கிப் பார்த்தால், ஆறு அலுமினிய இழையில் இரண்டு செதில் செதிலாகச் சுரண்டியிருந்தது. அந்தத் துண்டை வெட்டி ஜாயின்ட் போட்டதில் பாதி நாள் போனது. கீழே யாரும் நிற்கவில்லை என்பது எங்கள் அதிர்ஷ்டம்.

இன்னொன்று, தாடையின் பல்லில் அலுமினியப் பொடி அப்பிக்கொள்ளும். பார்க்கப் பளபளப்பாக அழகாக இருக்கும், பிடி மட்டும் இருக்காது. வாரம் ஒருமுறை கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துவிடுங்கள். எண்ணெய், தாடை அசையும் பின் (pin) ஆணிக்கு மட்டும். பக்கத்து ஊர் ஒப்பந்தக்காரர் ஒருவர் தாடைக்கும் கிரீஸ் தடவி வைப்பார், "துரு பிடிக்காதுல்ல" என்பார். அவரிடம் கிளாம்ப் இரவல் வாங்க மாட்டேன்.

கேபிள் சாக்ஸ் எளிய சாமான். எஃகுக் கம்பியில் பின்னிய நீளக் காலுறை, ஒரு முனையில் இழுக்கும் காது. இழுத்தால் பின்னல் நீண்டு குறுகி, கேபிளைச் சுற்றிலும் கவ்வும். அமெரிக்காவில் எட்கர் கெல்லம்ஸ் என்பவர் வடிவமைத்த இந்த மாதிரிப் பிடியை விற்க, அவருடைய சகோதரி விவியன் 1927-ல் கம்பெனி தொடங்கினார். தொழிலாளர் சம்பளத்தில் அரசுக்காக வருமான வரி பிடித்துக் கொடுக்க மாட்டேன் என்று 1948-ல் அரசாங்கத்தோடு மோதிய அம்மா அவர். பிடிக்கிற சாமான் விற்றவருக்குப் பிடித்தம் பிடிக்கவில்லை!

சாக்ஸின் வாய்ப்பக்கத்தை டேப் போட்டுச் சுற்றாமல் இழுத்தால் அது கேபிளோடு ஒட்டாது, உருவிக்கொண்டு தனியாக வரும். கழற்றும்போது வாய்ப்பக்கத்திலிருந்து காதுப்பக்கமாகத் தள்ளினால் பின்னல் விரிந்து தானே விடும். அறுந்த இழை ஊசி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும், கையுறை இல்லாமல் தொடாதீர்கள். நான் இதுவரை மூன்று மாற்றிவிட்டேன். இழை அறுந்ததும் தூக்கிப் போடுவதுதான் லாபம்.

இனி சீட் பெல்ட். லைன் வேலைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றால், 2018-ல் நத்தம் ரோட்டில் குறுக்கே வந்த ஒரு ஆடு.

நான் ஓட்டுகிறேன், பக்கத்தில் எங்கள் மேஸ்திரி அண்ணன். நெஞ்சை அழுத்துகிறது என்று, தோளுக்கு மேலே பெல்ட்டில் துணி காயப்போடும் கிளிப்பை மாட்டி, இரண்டு சாண் தொய்வு விட்டு உட்கார்ந்திருந்தார். ஆட்டைப் பார்த்து பிரேக்கை மிதித்தேன். என்னைப் பெல்ட் சீட்டோடு பிடித்துக்கொண்டது. அண்ணன் அந்த இரண்டு சாணும் முன்னால் போய் நெற்றியை டேஷ்போர்டில் முட்டினார். பின்சீட்டில் சும்மா போட்டிருந்த கிளாம்ப், எங்கள் இருவருக்கும் நடுவே பறந்து வந்து ஆடியோ பிளேயரின் திருகை உடைத்தது. ஆடு போய்விட்டது.

பையன்களிடம் தினமும் "தொய்வை எடுத்துட்டு இழுடா" என்று கத்துகிறவர் அவர்தான். நெற்றி வீங்கி உட்கார்ந்திருந்தவரிடம் "அண்ணே, உங்க தொய்வை யாருண்ணே எடுக்கிறது?" என்றேன். இரண்டு நாள் பேசவில்லை. கிளிப் மட்டும் மறுநாள் அவர் வீட்டுக் கொடிக்கே போய்விட்டது.

பிறகு பழைய ஜீப்பின் பெல்ட் சுருளை மெக்கானிக் கழற்றியபோது பக்கத்தில் நின்று பார்த்தேன். நம் ரேச்சட் புல்லரில் இருக்கும் அதே பல்சக்கரம், அதே நாக்கு. ஒரு கிண்ணத்தில் சின்ன எஃகுக் குண்டு. வண்டி சட்டென்று நின்றால் குண்டு உருண்டு நாக்கைத் தூக்கும், சக்கரம் பூட்டிக்கொள்ளும். பெல்ட்டை வெடுக்கென்று இழுத்தாலும் பூட்டும், அதற்கு வேறு ஏற்பாடு. வாய்க்கால் ஓரம் ஒரு சக்கரம் இறங்கி வண்டி சாய்ந்து நிற்கும்போது பெல்ட் வரமாட்டேன் என்று அடம்பிடிப்பதும் இந்தக் குண்டால்தான். பழுது என்று நினைத்து சண்டை போடாதீர்கள், வண்டியைச் சமதரைக்கு ஏற்றிவிட்டு மெதுவாக இழுங்கள்.

இடுப்புக்கு ஒன்று, மார்புக்குக் குறுக்கே ஒன்று என்ற இந்த மூன்று முனைப் பெல்ட்டை 1959-ல் வால்வோவுக்கு வடிவமைத்தவர் நில்ஸ் போலின். அதற்கு முன் சாப் கம்பெனியில் போர் விமானங்களில் விமானியை வெளியே வீசும் இருக்கைகளில் வேலை பார்த்தவர். காப்புரிமையை மற்ற கார் கம்பெனிகளும் பயன்படுத்த வால்வோ விட்டுக்கொடுத்தது.

குறை என்றால், எங்கள் தொழிலின் கிரீஸும் வேர்வையும் பட்டு மூன்றாவது வருஷமே பெல்ட் சுருண்டு உள்ளே போக மறுத்தது. ஸ்பிரிங் போச்சு, முழு செட்டையும் மாற்று என்றார்கள் ஒரு கடையில். கதவுத் தூணில் பெல்ட் நுழைந்து வரும் வளையத்தை ஈரத்துணியால் துடைத்தேன். கறுப்பு மெழுகு மாதிரி அழுக்கு வந்தது. பெல்ட்டை வெளியே இழுத்து வைத்து, சோப்புத் தண்ணீரில் துடைத்து, நிழலில் காயவிட்டதும் "விர்ர்" என்று உள்ளே போனது. பிளீச்சிங் மட்டும் வேண்டாம், நூலைத் தின்றுவிடும். விபத்தில் இழுபட்ட பெல்ட் என்றால் துடைப்பது உதவாது, மாற்றித்தான் ஆக வேண்டும்.

2021-ல் வாங்கிய வண்டியில் பெல்ட் போடாவிட்டால் பீப் சத்தம் வருகிறது. அதை அடக்க, பெல்ட் இல்லாமல் வெறும் உலோக நாக்கை மட்டும் பெல்ட் பூட்டில் சொருகுகிற கிளிப் ஒன்றை எங்கள் பையன் ஒருவன் ஆன்லைனில் வாங்கி வந்தான். 2023-ல் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இணையக் கடைகளில் இந்தக் கிளிப் விளம்பரங்களை 13 ஆயிரத்துக்கு மேல் நீக்க வைத்தது. இவனுடையது அதற்கு முன்பே வாங்கியது. மேஸ்திரி அண்ணன் அதைப் பிடுங்கி வாய்க்காலில் எறிந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

கிளாம்புகள் இப்போது பின்னால் போல்ட் போட்ட இரும்புப் பெட்டியில் பயணம் செய்கின்றன. பல் தேய்ந்துபோன ஒன்றுக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்து ஷெட்டில் கதவுக்கு அண்டக் கொடுத்திருக்கிறேன். அதையும் எடுத்து வண்டியில் போட ஒருத்தன் போன மாதம் முயற்சி செய்தான்.