கழுத்து வழி மூச்சு: மதுரை ஆஸ்பத்திரியில் பார்த்தது

இந்தத் தடவை லண்டனிலிருந்து மதுரைக்குப் போனபோது பாதி விடுமுறை ஆஸ்பத்திரியில்தான் கழிந்தது. புற்றுநோயால் பெரியப்பாவின் குரல்வளையை முழுதாக எடுத்துவிட்டார்கள். ஆபரேஷனில் ஒரு குறையும் சொல்ல முடியாது. நான் எழுத வந்தது அதற்குப் பிறகான கவனிப்பைப் பற்றி.

குரல்வளையை எடுத்தபின் மூச்சுக்குழாயைக் கழுத்தில் ஓட்டை வைத்துத் தைத்துவிடுகிறார்கள். அப்புறம் மூச்சில் மூக்குக்கு வேலையில்லை. வெளிக்காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி, தூசி வடிகட்டி அனுப்பி வந்தது மூக்குதான். அது போனபின் வறண்ட காற்று நேரே உள்ளே இறங்கும். சளி காய்ந்து கெட்டியாகிக் குழாயையே அடைக்கும். உயிருக்கே ஆபத்து.

பகல் டியூட்டி சிஸ்டர் இதில் கெட்டிக்காரர். திரவத்தைப் பனிபோலத் தூவும் நெபுலைசரைக் கழுத்து ஓட்டைக்கு நேரே பிடித்து, வெறும் 0.9 சதவீத சலைனை, அதாவது உப்புநீரை விடுவார். சளி இளகி இருமலில் வரும். துடைத்து, நிறத்தையும் பார்ப்பார். பிறகு காஸ் துணியைச் சலைனில் நனைத்து, சொட்டாதபடி நன்றாகப் பிழிந்து, ஓட்டையை அடைக்காமல் முன்னால் தொங்கவிடுவார். காய்ந்தால் மறுபடி நனைப்பார்.

ராத்திரியில் இது எதுவும் நடக்கவில்லை. ஏ.சி. காற்று நேரே கட்டிலில் அடித்தது. துணி விறைத்துக் கிடந்தது. விடியற்காலையில் பெரியப்பாவுக்கு மூச்சுத் திணறியது. கூப்பிடக் குரல் இல்லையே! கட்டில் கம்பியைத் தட்டினார். ஓடிவந்த ராத்திரி டியூட்டிக்காரர் ஆக்சிஜன் மாஸ்க்கை முகத்தில் வைக்கப் போக, பெரியம்மாதான் கழுத்தைக் காட்டினார். சளியை உறிஞ்சி எடுக்கும் சக்‌ஷன் போட்டதும் நகம் அளவுக்குக் காய்ந்த சளிக்கட்டி வந்தது. எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

கழுத்தில் பொருத்தும் எச்.எம்.இ. பில்டர் என்று ஒன்று உண்டு. வெளிவிடும் மூச்சின் சூட்டையும் ஈரத்தையும் பிடித்துவைத்து அடுத்த மூச்சுக்குத் திருப்பித் தரும். தினமும் புதிது மாற்ற வேண்டும். கழுவிப் போடக் கூடாது. இங்கிலாந்தில் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.ஸின் மருந்துச் சீட்டிலேயே கிடைக்கிறது. அந்த ஆஸ்பத்திரி பார்மசியில் இல்லை. ஆர்டர் போட்டுக் காத்திருந்தோம், விலையும் கையைக் கடித்தது. ஆபரேஷன் தேதி குறித்ததுமே வாங்கிவைக்கச் சொல்லியிருக்கலாம்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த ஆபரேஷன் என்றால், ராத்திரி துணியை நனைப்பது யார் என்று முதல் நாளே கேளுங்கள். ‘இவருக்குக் கழுத்து வழியாகத்தான் மூச்சு, ஆக்சிஜனும் அங்கேதான்’ என்று கட்டிலுக்கு மேலே பெரிதாக எழுதி ஒட்டச் சொல்லுங்கள். கைக்கெட்டும் இடத்தில் ஒரு மணியும் வையுங்கள்.