அத்தையின் காலுக்குள் வைத்த சிமெந்து

கனடாவிலிருந்து இலங்கை மலையகத்து ஹட்டனுக்குச் சென்றிருந்த ஆறு வாரங்களில் பெரும்பகுதி அத்தையின் காலோடு கழிந்தது. நான் ஊர் சேர்ந்த நான்காம் நாள், தேயிலைக் கொழுந்தை நிறுத்துவிட்டு இறங்கியவர் மழை நனைத்த படியில் வழுக்கி விழுந்ததில், முழங்காலுக்குச் சற்றுக் கீழே எலும்பின் மேற்தளம் நொறுங்கி உள்ளே அமிழ்ந்துவிட்டது. 1990 இலக்கத்துக்கு அழைத்ததும் வந்த சுவசெரிய ஆம்புலன்ஸுக்கோ, அரச வைத்தியசாலையின் சத்திரசிகிச்சைக்கோ ஒரு சதமும் வாங்கவில்லை என்பதை நன்றியோடு எழுதுகிறேன்.

அமிழ்ந்த தளத்தைத் தூக்கி நிறுத்தினால் அதன் கீழே வெற்றிடம் உண்டாகும். அதை நிரப்பாவிட்டால் தளம் மறுபடியும் இறங்கக்கூடும். இடுப்பெலும்பில் வெட்டியெடுத்து நிரப்புவது பழைய வழக்கம். அந்த இரண்டாவது காயத்தின் வலி சிலரை மாதக்கணக்கில் வாட்டும். அத்தைக்கோ, கல்சியம் பொஸ்பேற்றால் ஆன எலும்புப் பதிலியைப் பசைபோலக் குழைத்து உள்ளே வைத்து, தகடும் திருகாணிகளும் பொருத்தினார்கள். 2008 இல் வெளியான, பல மருத்துவமனைகளில் நடந்த ஆய்வொன்றிலும், இடுப்பெலும்பு வைத்தவர்களைவிட இப்பொருள் வைத்தவர்களுக்கே மூட்டுத்தளம் குறைவாக அமிழ்ந்தது. தேர்ந்த வைத்தியமே நடந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை.

வீட்டுக்கு வந்த ஐந்தாம் நாள் காலையில், தோட்டத் தொழிலாளர் வரிசைவீடான லயத்து வாசலில் அத்தை சுவரைப் பிடித்து எழுந்து அந்தக் காலை ஊன்றப் போனார். ஓடிப் பிடித்தேன். "சிமெந்துதான வச்சிருக்காங்க தம்பி, அப்பவே இறுகிருச்சாமே, இனி நடக்கலாந்தானே?" என்றார். வைத்தியர்கள் அப்பொருளைச் சிமெந்து என்றே சொல்வதால் வந்த வினை இது. அது சில நிமிடங்களில் இறுகுவதும் அழுத்தத்தைத் தாங்குவதும் உண்மை. ஆனால் முறுக்கினால் எளிதில் உடையும். அதைச் சுற்றிச் சொந்த எலும்பு வளர்ந்து பொருந்தப் பல வாரங்களாகும்; சீனி வருத்தம் (நீரிழிவு) உள்ள அத்தைக்கு இன்னும் கூடுதலாகலாம். அதுவரை காலில் பாரம் இறங்கவே கூடாது.

இந்த ஒரு வரி, வைத்தியசாலையில் கொடுத்த துண்டில் ஆங்கிலத்தில் இருந்தது. தாதி சிங்களத்தில் சொன்னாராம். தமிழர் பெரும்பான்மையாக வாழும் மாவட்டத்தில், 1987 முதல் அரசகரும மொழியாகவும் உள்ள தமிழில், அதை அத்தையிடம் சொல்ல அங்கே ஒருவரும் இல்லாதது என்னை மிகவும் வருத்தியது. அன்றே ஓர் அட்டையில் பெரிய எழுத்தில், "கிளினிக்கில் சொல்லும்வரை வலது காலை ஊன்றக் கூடாது" என்று எழுதி, கட்டிலுக்கு எதிரே ஒட்டினேன். நான் புறப்படுமுன் எடுத்த எக்ஸ்ரேயில் தளம் இறங்காமல் இருந்தது. அட்டை இன்னும் சுவரில் இருக்கிறது.