மூலக்கடை பேட்டரி பட்டறை: அளந்து பார்த்த பிறகே பேசும் கடை

ஜி.என்.டி. சாலையில் மூலக்கடை சந்திப்பைத் தாண்டி மாதவரம் ரவுண்டானாவை நோக்கிப் போகும் வழியில், டயர் கடைகளுக்கும் லாரி பட்டறைகளுக்கும் நடுவே பிரியும் ஒரு சந்தில் இந்தக் கடை இருக்கிறது. பெயர் போட வேண்டாம், இருக்கிற கூட்டமே போதும் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டதால் இடத்தை மட்டும் சொல்கிறேன். துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஏற்றிச் செல்லும் டிரெய்லர்களும், காசிமேட்டு விசைப்படகுகளின் பேட்டரிகளும்தான் இங்கே அன்றாட வேலை. எண்ணூர் விரைவுச் சாலையில் மணிக்கணக்கில் வரிசையில் நிற்கும் டிரைவர்கள், என்ஜினை அணைத்துவிட்டுக் கேபினில் ஃபேன் போட்டுக்கொண்டு தூங்குகிறவர்கள். ஓடாமல் நிற்கும் வண்டியில் பேட்டரி எப்படிக் காலை வாரும் என்பது அவர்களுடைய புண்ணியத்தில் இந்தக் கடைக்கு அத்துப்படி. கேரவன் வைத்திருப்பவர்களுக்கு இந்த அனுபவம் எவ்வளவு பயன்படும் என்பதைச் சொல்லவே இந்த மதிப்புரை.

எங்களுடையது வேனை மாற்றிக் கட்டிய கேரவன். வண்டியை ஸ்டார்ட் செய்யும் பேட்டரி முன்னால் இருக்க, உள்ளே விளக்கு, இரண்டு ஃபேன், தண்ணீர் மோட்டார், சின்ன ஃபிரிட்ஜ் ஆகியவற்றுக்கென்று 12 வோல்ட், 150 ஆம்பியர்-அவர் டியூபுலர் பேட்டரி (லெட்-ஆசிட் வகை) ஒன்று பின் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. கூரையில் சோலார் கிடையாது. வண்டி ஓடும்போது ஆல்டர்னேட்டரிலிருந்து (என்ஜின் சுழற்றும் மின் உற்பத்திக் கருவி) ஒரு ரிலே (தானியங்கி சுவிட்ச்) வழியாகத்தான் அதற்குச் சார்ஜ் ஏற வேண்டும். வண்டியை நிறுத்தியவுடன் பேட்டரியின் அளவைக் காட்டும் பலகையில் நான்கு விளக்கும் எரியும், நள்ளிரவுக்குள் ஃபிரிட்ஜ் நின்றுபோகும். வேறொரு கடையில் பேட்டரி போய்விட்டது என்று சொல்லிப் புதியதை மாற்றிக் கொடுத்தார்கள். சில மாதங்களில் அதுவும் அதே பாட்டைப் பாடியது, மறுபடியும் மாற்றச் சொன்னார்கள்.

மூலக்கடையில் உரிமையாளர் (எல்லோருக்கும் அவர் பாய்தான்) பேட்டரியைத் தொடவே இல்லை. வண்டியை ஓர் இரவு நிறுத்திவிட்டுப் போகச் சொன்னார். "இப்ப மீட்டர் வச்சா பொய் சொல்லும் சார்" என்றார். ஓடி நின்ற வண்டியில் பேட்டரித் தகடுகளின் மேற்பரப்பில் மட்டும் தங்கியிருக்கும் சார்ஜ், உள்ளே பாதி காலியாக இருந்தாலும் வோல்ட் மீட்டரில் நிறைந்ததுபோலக் காட்டும். எங்கள் பலகையில் எரிந்த நான்கு விளக்கும் அதைத்தான் காட்டிக்கொண்டிருந்தன. எல்லா இணைப்பையும் கழற்றிச் சில மணி நேரமாவது ஓய்வில் விட்ட பிறகு அளந்தால்தான் உண்மை தெரியும். அப்போது ஏறக்குறைய 12.6 வோல்ட் இருந்தால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதிதான், 12-க்குக் கீழே போனால் உடனே சார்ஜில் போட வேண்டிய நிலை. மறுநாள் காலை எங்களுடையது 12.1 காட்டியது.

அதன் பிறகு ஹைட்ரோமீட்டரால் ஆறு செல்களின் கிராவிட்டியையும் (ஆசிட்டின் அடர்த்தி, சார்ஜ் ஏற ஏற இது கூடும்) எடுத்துப் பேட்டரியின் மூடி மேலேயே சாக்பீஸால் எழுதினார். ஐந்து செல்கள் 1190-ஐ ஒட்டியும் ஆறாவது 1150-லும் இருந்தன. ஒரு செல் உள்ளுக்குள் ஷார்ட் ஆகியிருந்தால் மொத்த வோல்ட் 10.5-க்கு இறங்கியிருக்கும் என்றும், இங்கே எல்லாச் செல்களும் சேர்ந்து தாழ்ந்திருப்பதால் இது வெகுநாளாகவே முழுச் சார்ஜைப் பார்க்காத பேட்டரி என்றும் சொன்னார். "பேட்டரிய குத்தம் சொல்லாதீங்க சார், அதுக்குச் சோறு போடுறவன பாருங்க."

அடுத்து அவர் செய்ததுதான் இந்தக் கடையைப் பற்றி எழுத வைத்தது. என்ஜினை ஓடவிட்டு, முன் பேட்டரியில் 14.2 வோல்ட், பின் பேட்டரியில் 13.2 வோல்ட் என்று அளந்தார். நடுவில் ஒரு வோல்ட் எங்கே போனது என்பதை ஊகிக்காமல், மீட்டரின் ஒரு முனையை முன் பேட்டரியின் பாசிட்டிவிலும் மறு முனையை ரிலேயிலும், பிறகு ரிலேயின் இரு பக்கத்திலும், பிறகு ரிலேயிலிருந்து பின் பேட்டரி வரையிலும், கடைசியாக நெகட்டிவ் பக்கத்திலும் வைத்துத் துண்டு துண்டாகப் பார்த்தார். ஏறக்குறைய மூன்று சம பங்காக இழப்பு பிரிந்து கிடந்தது: கேரவன் கட்டியவர்கள் போட்டிருந்த 6 சதுர மில்லிமீட்டர் ஒயரில் ஒரு பங்கு, கருகிப்போன ரிலே முனையில் ஒரு பங்கு, சேஸிஸில் பெயின்ட்டின் மேலேயே போல்ட் முடுக்கித் துருப்பிடித்திருந்த எர்த்தில் ஒரு பங்கு. கடற்காற்றில் நிற்கும் வண்டிகளில் எர்த் இப்படித்தான் முதலில் போகும் என்றார். ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் வண்டி நிறுத்துகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்வது நல்லது.

சார்ஜ் ஏற ஏற மின்னோட்டம் குறையும், மின்னோட்டம் குறைந்தால் ஒயரில் போகும் இழப்பும் குறையும், ஆகவே மெல்லிய ஒயரானாலும் கடைசியில் பேட்டரி நிறையத்தானே செய்யும் என்று சிலர் கேட்கலாம். நாள் முழுவதும் ஓடும் லாரிக்கு அது பொருந்தும். மூன்று நான்கு மணி நேரம் ஓடி ஓரிடத்தில் நின்றுவிடும் கேரவனில் அதற்குள் பேட்டரி பாதியைத் தாண்டுவதே பெரிது. பாதியிலேயே கிடக்கும் பேட்டரியின் தகடுகளில் ஈய சல்ஃபேட் படிந்து இறுகும். இறுகிய பிறகு கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும். முன்பு மாற்றிய பேட்டரியும் இப்படித்தான் செத்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு.

எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு மல்டிமீட்டரைத் தொடரில் இணைத்துப் பார்த்தபோது இன்னொரு ஓட்டையும் தெரிந்தது. எதுவும் ஓடாத நிலையிலும் அரை ஆம்பியர் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு ஃபியூஸாகக் கழற்றிப் பார்த்ததில், அணைந்திருப்பதாக நாங்கள் நினைத்திருந்த இன்வெர்ட்டர் ரிமோட் சுவிட்சில் மட்டும்தான் அணைந்திருந்தது என்று தெரிந்தது. அரை ஆம்பியர் கேட்பதற்குச் சின்னதுதான். ஆனால் வண்டி ஷெட்டில் ஒரு வாரம் நின்றால் 84 ஆம்பியர்-அவர், அதாவது 150-இல் பாதிக்கும் மேல். (வீட்டில் இந்தச் சோதனையைச் செய்கிறவர்கள், மீட்டர் தொடரில் இருக்கும்போது எதையும் ஓடவிட வேண்டாம், சாதாரண மீட்டரின் 10 ஆம்பியர் ஃபியூஸ் உடனே போய்விடும்.)

வேலையைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. 25 சதுர மில்லிமீட்டர் ஒயர், அதன் இரண்டு முனையிலும் ஃபியூஸ், புது ரிலே, சேஸிஸை உலோகம் தெரியும்வரை தேய்த்துப் போட்ட எர்த், இன்வெர்ட்டருக்குத் தனியாக ஒரு கட்-ஆஃப் சுவிட்ச். பேட்டரியைக் கடையிலேயே மெதுவான சார்ஜில் போட்டு வைத்தார்கள்; ஐந்து செல்களும் 1240-க்கு ஏறின, பலவீனமான செல் 1220-உடன் நின்றது. அது முழுதாகத் திரும்பாது, இன்னும் ஒரு கோடை தாங்கினால் லாபம் என்று வெளிப்படையாகவே சொன்னார். பேட்டரிப் பெட்டியை மூடும்போதுதான் கடிந்துகொண்டார்: கட்டிலுக்கு அடியில் காற்றுப் போக வழியே இல்லை, சார்ஜ் ஏறும்போது வெளிவரும் ஹைட்ரஜன் எங்கே போகும் என்று கேட்டார். தரையைத் துளைத்து வென்ட் குழாய் போட ஒப்புக்கொண்ட பிறகுதான் மூடியைப் போட்டார். மொத்தச் செலவு புதுப் பேட்டரியின் விலையில் பாதிக்கும் குறைவு. அதற்குப் பிறகு இரவில் ஃபிரிட்ஜ் நிற்கவில்லை.

குறைகள் இல்லாமல் இல்லை. பில்லில் மொத்தத் தொகை மட்டும்தான் இருக்கும். ஒயர் எவ்வளவு, கூலி எவ்வளவு என்று கேட்டு வாங்கி எழுதிக்கொள்ள வேண்டும். சொன்ன நேரத்துக்கு வண்டி கிடைக்காது. டிரெய்லர்காரர் அவசரம் என்று வந்து நின்றால் நம் வேலை பின்னுக்குப் போகும். உட்கார இடமும் இல்லை, ஆசிட் நெடியில் அதிக நேரம் நிற்கவும் முடியாது. லித்தியம் பேட்டரிப் பக்கமே இவர்கள் போவதில்லை. புதிய பி.எஸ்.6 வண்டிகள் சிலவற்றில் முன் பேட்டரி நிறைந்ததும் ஆல்டர்னேட்டர் தன் வோல்ட்டைத் தானே குறைத்துக்கொள்ளும். அங்கே எவ்வளவு தடித்த ஒயர் போட்டாலும் பலனில்லை, வோல்ட்டைத் தானே உயர்த்திப் பின் பேட்டரிக்குக் கொடுக்கும் டிசி-டிசி சார்ஜர்தான் வேண்டும். அதைப் பொருத்தும் வேலையை இவர்கள் எடுப்பதில்லை, வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிவிடுகிறார்கள். அரைகுறையாகக் கைவைப்பதை விட அது மேல்.

லெட்-ஆசிட் பேட்டரியும் பழைய மாதிரி ஆல்டர்னேட்டரும் உள்ள கேரவன் என்றால் தயங்காமல் இங்கே போகலாம். காலையில் கடை திறந்தவுடன் போவது நல்லது. வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்தில் பூட்டியிருக்கும். முந்தைய இரவே உள்பக்க இணைப்புகள் எல்லாவற்றையும் கழற்றி வைத்து, கடை வரும்வரை பின் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறாதபடி ரிலே ஒயரையும் பிரித்துவிட்டுப் போனால், வண்டியை ஓர் இரவு அங்கே விட்டுவர வேண்டியிருக்காது.