காந்தம் ஒட்டவில்லை என்பதற்காக 304 என்று நம்பிவிடாதீர்கள்: டர்போ மேனிஃபோல்டு வாங்கப்போகிறவர்களுக்கு

உச்சிப்புளி, மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் டர்போ பெட்ரோல் கார் வைத்திருப்பவர்கள் யாராவது மேனிஃபோல்டு, அதாவது என்ஜின் புகையைச் சேர்த்து டர்போவுக்குக் கொண்டுபோகும் பைப் தொகுப்பு, மாற்றும் யோசனையில் இருந்தால், அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு 42,000 ரூபாய் போய்விட்டது.

கார் பழைய ஆக்டேவியா, 1.8 லிட்டர், 20 வால்வு டர்போ. கம்பெனி கொடுத்தது வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு, கே03 என்கிற சின்ன டர்போ (புகையின் வேகத்தில் சுழன்று என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுவது). டர்போவுக்கு அளவுக்கு மேல் புகை போகாமல் வேறு வழியில் திருப்பிவிடும் வால்வான வேஸ்ட்கேட், அந்த டர்போவின் உடம்பிலேயே இருக்கும். கொஞ்சம் பெரிய டர்போ போடலாம் என்று ஆசை. மதுரையில் ஒரு கடை, தினமும் இன்ஸ்டாகிராமில் வீடியோ போட்டுத் தள்ளுகிறவர்கள், 304 என்கிற நல்ல ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மேனிஃபோல்டு, அதில் தனியாக மாட்டும் 38 எம்எம் வெளி வேஸ்ட்கேட், மாட்டும் கூலி எல்லாம் சேர்த்து ஒரே ரேட் சொன்னார்கள். நேரில் போனதும் கடைக்காரர் காந்தத்தை எடுத்துப் பைப்பில் வைத்துக் காட்டினார். ஒட்டவில்லை. "பாத்தீங்களா சார், அசல் 304!"

முதல் பித்தலாட்டம் அங்கேதான். 201 என்கிற மலிவு ரகத்திலும் காந்தம் ஒட்டாது. நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிச் செய்த ரகம் அது. பாலீஷ் போட்டு வைத்தால் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

மாட்டிக்கொண்டு வந்த கொஞ்ச நாளிலேயே தொல்லை ஆரம்பித்தது. வேஸ்ட்கேட்டில் 0.5 பார் ஸ்ப்ரிங் என்றார்கள். அதாவது பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம்) 0.5 பார் ஆனதும் வால்வு திறக்க வேண்டும். உச்சிப்புளி தாண்டி நேர் ரோட்டில் மிதித்தால் 3,000 ஆர்பிஎம்மில் பூஸ்ட் மீட்டர் முள் 0.5இல் நிற்கிறது, 5,500 போவதற்குள் 1.1 வரை ஏறிவிடுகிறது. என்ஜின் லைட் எரிந்து இழுவை செத்துவிடும். ஸ்கேனர் போட்டால் 17965 என்கிற கோளாறு எண், அதாவது கேட்ட அளவைவிட பூஸ்ட் அதிகம். பூஸ்ட்டை ஏற்றிக் கொடுக்கும் மின்வால்வான சொலினாய்டைக் கழற்றி ஸ்ப்ரிங்கை மட்டும் நம்பி ஓட்டினாலும் அதே கதை.

இங்கே ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். ஸ்ப்ரிங் தவறு என்றால் ஆரம்பத்திலிருந்தே பூஸ்ட் கூடுதலாக நிற்கும். ஆர்பிஎம் ஏற ஏற பூஸ்ட்டும் ஏறினால், வால்வு திறந்தும் புகை போதிய அளவு வெளியேறவில்லை, மிச்சமெல்லாம் டர்போவின் சக்கரமான டர்பைனைச் சுழற்றிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். க்ரீப் என்பார்கள். எந்த பூஸ்ட் கன்ட்ரோலரும் இதைக் குறைக்காது. ஸ்ப்ரிங் அளவுக்கு மேலே ஏற்றத்தான் அதற்குத் தெரியும். கடைக்குப் போன் போட்டால், "மேனிஃபோல்டு பக்கா சார், என்ஜின் கம்ப்யூட்டர் மேப்தான் சரியில்ல, டியூனிங்குக்கு இன்னொரு 15,000 ஆகும்" என்கிறார்கள்!

அதற்குள் டிக்... டிக்... என்று புகை ஒழுகும் சத்தம் வேறு. மண்டபத்தில் விசைப்படகுகளுக்கு ஷாஃப்ட் கடையும் லேத் பட்டறை ஒன்றில் கழற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மேஸ்திரி வேஸ்ட்கேட்டை எடுத்துவிட்டு, அது உட்கார்ந்திருந்த துளைக்குள் வெர்னியரை விட்டார். 24 எம்எம். மேலே 38 எம்எம் வால்வு, கீழே பைப்பில் 24 எம்எம் ஓட்டை. பரப்பளவில் பாதிகூட வரவில்லை. அதுவும் நான்கு பைப்பும் சேருமிடத்தில் இல்லை. நான்காவது சிலிண்டர் பைப்பில் மட்டும் செங்குத்தாக ஒட்டவைத்திருக்கிறார்கள். நான்கு சிலிண்டர் புகையும் சேர்ந்த பிறகு, அது போகிற திசையிலேயே சாய்வாகப் பிரிந்தால்தான் வேஸ்ட்கேட் ஒழுங்காக வேலை செய்யும்.

அப்புறம் பழைய இரும்புக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் டெஸ்ட் மருந்து ஒரு சொட்டு விட்டு, பேட்டரி ஒயரை வைத்தார். சொட்டு சிவப்பாக மாறியது. "இருநூறு நம்பர் மாலு தம்பி இது. இதைப் போட்டு ஷாஃப்ட் கடைஞ்சா நம்மள கடல்ல தள்ளிவிட்டுருவாங்க." 304 என்றால் அப்படிச் சிவக்காது. வெல்டு உள்பக்கம் கறுத்துப் பொரிந்து கிடந்தது. ஆர்கான் வாயுவைப் பைப்பின் உள்ளேயும் விட்டு வெல்டு செய்திருந்தால் அப்படி ஆகாது. விரிசல் விட்டதும் அந்த இடத்தில்தான். டர்போவின் கனத்தைத் தாங்க ஒரு பிராக்கெட்கூட கிடையாது. எல்லாம் அந்தப் பைப்பில்தான் தொங்கியது.

போட்டோ அனுப்பினேன். "உங்க ஊரு உப்புக்காத்து சார், நாங்க என்ன பண்ண முடியும்?" என்று பதில். உப்புக்காற்று உண்மைதான். துருவை ஆராயவே காரைக்குடி செக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) மண்டபம் முகாமில் நிலையம் நடத்தும் அளவுக்கு உண்மை. ஆனால் உப்புக்காற்று வந்து 24 எம்எம்மில் ஓட்டை போடாது. இதே காற்றில் இத்தனை வருடம் கிடந்த கம்பெனி வார்ப்பிரும்பு, மேலே சிவந்திருக்கிறதே தவிர ஒரு கீறல் கிடையாது. 304 சூட்டில் அதைவிட அதிகமாக விரியும், அந்த இழுவையெல்லாம் வெல்டில்தான் போய் விழும். தினசரி ஓட்டும் காருக்கு இந்தக் கடற்கரையில் வார்ப்பிரும்பும் உள் வேஸ்ட்கேட்டும் போதும் என்பதுதான் என் எண்ணம். பைப் மேனிஃபோல்டுதான் வேண்டும் என்றால் மருந்துச் சொட்டு டெஸ்ட்டை உங்கள் கண் முன்னால் செய்யச் சொல்லுங்கள். வேஸ்ட்கேட்டைக் கழற்றி ஓட்டையை அளந்து பாருங்கள். "அதெல்லாம் வேணாம் சார்" என்றால் கிளம்பிவிடுங்கள்.

பில் கேட்டதற்கு எஸ்டிமேட் சீட்டுதான் தந்தார்கள். அதில் "எஸ்எஸ் 304" என்று அவர்கள் கையாலேயே எழுதியிருப்பதும், ஜிபே ரசீதும் இருப்பது நல்லதாகப் போயிற்று. நுகர்வோர் ஆணையம் என்றதும், "வண்டிய மாத்தினது மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுல உங்களுக்குத்தான் கேஸு" என்று மிரட்டல். அது ஆர்டிஓ விவகாரம். 201ஐ 304 என்று விற்றது தனி. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ராமநாதபுரத்தில் போடுகிறேன்.

நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள். அதே மாதிரி மேனிஃபோல்டு இப்போது வேறு பெயரில் உள்ள பக்கத்தில் விற்பனைக்கு ஓடுகிறது. நான்காவது பைப்பில் செங்குத்தாக நிற்கும் வேஸ்ட்கேட்டைப் பார்த்தால் அதுதான்.