ஒரே நெகட்டிவ், மூன்று பிரிண்ட், மூன்று முகம்

இருட்டறையில் கையாலேயே பிரிண்ட் போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், நெகட்டிவைக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

அப்பாவின் கறுப்பு வெள்ளை நெகட்டிவ் எங்களிடம் ஒன்றுதான் இருக்கிறது. வெள்ளைச் சட்டையில், ஜன்னலோரம் உட்கார்ந்து சிரிக்கிறார். அக்காவுக்கு, தம்பிக்கு, எனக்கு என்று ஃபைபர் பேப்பரில் (பிளாஸ்டிக் பூச்சு இல்லாத பிரிண்ட் காகிதம்) மூன்று பிரிண்ட் கேட்டேன். "டெஸ்ட் ஸ்ட்ரிப் பார்க்காமல் நான் பிரிண்டே போடுவதில்லை" என்றார் அந்த ஆள். எத்தனை விநாடி ஒளி வேண்டும் என்று பார்க்க முதலில் போடும் சோதனைத் துண்டுதான் டெஸ்ட் ஸ்ட்ரிப். முழுப் பணத்தையும் முன்னாலேயே வாங்கிக்கொண்டார். பத்து நாள் என்றவர் இரண்டு மாதம் இழுத்தார்.

வந்தது மூன்றும் மூன்று விதம். ஒன்றில் நெற்றியும் கன்னமும் வெறும் காகிதமாக வெளுத்திருந்தன. இன்னொன்றில் முகத்தில் சேறு பூசியதுபோல் ஒரே சாம்பல். மூன்றாவதில் எங்கேயும் உருப்படியான கறுப்பே இல்லை. கேட்டதற்கு, "நெகட்டிவே அப்படித்தான் இருக்கிறது" என்றார். நம்பிவிட்டேன். படம் எடுத்த சித்தப்பாவிடம் போய், "சரியாக எடுக்கவில்லையோ?" என்று வேறு கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

சொந்தமாக இருட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடம் நெகட்டிவைக் காட்டியபோதுதான் உண்மை தெரிந்தது. நெகட்டிவைப் பெரிதாக்கிப் பேப்பரில் விழவைக்கும் என்லார்ஜரின் லென்ஸ் திறப்பை எஃப் 8-இல் வைத்து, பேப்பரில் ஒரு துண்டு வெட்டி, பின்னணியில் போடாமல் முகத்தின் மேலேயே வைத்தார். துண்டை மறைத்த அட்டையை 4 விநாடிக்கு ஒருமுறை நகர்த்தி, பட்டை பட்டையாக ஒளி கொடுத்தார்: 4, 8, 12, 16, 20 விநாடி. படத்தை வெளிக்கொண்டுவரும் டெவலப்பர் மருந்தில் முழுதாக 2 நிமிடம். விளக்கைப் போட்டுப் பார்த்தால், 12 விநாடிப் பட்டையில் அப்பாவின் கன்னம் உயிரோடு இருந்தது. ஃபைபர் பேப்பர் காய்ந்ததும் கொஞ்சம் இருண்டுவிடும் என்று 11-ஆகக் குறைத்தார். கண்ணில் ஆழம் போதவில்லை என்று கறுப்பு வெள்ளை வேறுபாட்டைக் கூட்ட கிரேடு 2-இலிருந்து 3-க்குப் போய், மறுபடி ஒரு துண்டு போட்டுப் பார்த்தார். அப்புறம் முகத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, சட்டைக்கு மட்டும் 6 விநாடி கூடுதல் ஒளி. நரைமுடி இழை இழையாக வந்தது. சித்தப்பா எடுத்ததில் ஒரு குறையும் இல்லை.

முதல் ஆள் செய்தது என்ன என்று நண்பர் அந்த மூன்று பிரிண்டையும் பார்த்தே சொல்லிவிட்டார். எக்ஸ்போஷரை, அதாவது ஒளி கொடுக்கும் நேரத்தை, குத்துமதிப்பாகக் கொடுத்திருக்கிறார். டெவலப்பரில் முகம் தெரிந்ததுமே வெளியே எடுத்திருக்கிறார். சிவப்பு விளக்கில் பிரிண்ட் உள்ளதைவிட இருட்டாகத் தெரியும், அதனால் பாதியில் எடுத்தால் கறுப்பு வராது. அதோடு போகவில்லை. நாலாவது மாதம் அக்கா வீட்டுப் பிரிண்டில் பழுப்புத் திட்டு வந்தது. படத்தை நிலைக்க வைக்கும் ஃபிக்ஸர் மருந்து சக்தி தீர்ந்துபோனது, கழுவலும் அரைகுறை.

அதனால், "டெஸ்ட் ஸ்ட்ரிப் போடுவேன்" என்ற பேச்சை நம்ப வேண்டாம். அந்தத் துண்டையே கேளுங்கள், பின்னால் விநாடி எழுதியிருக்க வேண்டும். அது முகத்தின் மேல் போட்டதா என்று பாருங்கள். முதல் பிரிண்ட் காய்ந்தபின் பார்த்துவிட்டு மீதிப் பணம் கொடுங்கள். ஃபிக்ஸரில் எவ்வளவு நேரம், எவ்வளவு நேரம் கழுவுவீர்கள் என்றும் கேளுங்கள். ஒழுங்காகச் செய்கிறவர் தயங்காமல் சொல்வார்.

கொடுப்பதற்கு முன் நெகட்டிவை வெளிச்சத்தில் வைத்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். நான் எடுத்து வைத்திருந்தேன், அதில் கீறல் இல்லை. உறைகூட இல்லாமல் திரும்பி வந்த நெகட்டிவில் மருந்துப் பூச்சுப் பக்கம் ஒரு கீறல் இருக்கிறது. அந்தப் படத்தைக் காட்டிப் பணத்தைத் திருப்பிக் கேட்டேன், பதிலே இல்லை. வெள்ளைக் கோடாக விழுந்திருந்தால் தூரிகையால் மை தொட்டு மறைத்திருக்கலாமாம். இது கறுப்புக் கோடு. இனி எந்தப் பிரிண்ட் போட்டாலும் அப்பாவின் இடது காதோரம் அது வந்து நிற்கிறது.