மாமாவின் கையும் ஸ்டெம் செல் முகவரும்: மட்டக்களப்புப் பயணக் குறிப்பு

ஆரையம்பதியில் இருக்கும் என் மாமாவுக்குப் போன வருடம் மூளையில் இரத்தக்குழாய் அடைத்துப் பாரிசவாதம் வந்தது. 1990 என்ற நம்பருக்கு அடித்தவுடன் அம்புலன்ஸ் வந்திருக்கிறது. அரசாங்க ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்து, வார்டில் வைத்துப் பார்த்து வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு சதம் செலவில்லை. ரொறன்ரோவிலிருந்து நான் போய்ச் சேர்ந்தபோது தடியைப் பிடித்துக்கொண்டு முற்றம் வரை நடக்கிறார். வலது கைதான் இன்னும் வரவில்லை.

அந்தக் கையை நம்பித்தான் முகவர்களின் வியாபாரம் நடக்கிறது. டவுனில் இந்திய ஆஸ்பத்திரிகளுக்கு ஆள் அனுப்பும் முகவர் ஒருவரிடம் மாமி ஏற்கனவே பேசிவைத்திருந்தா. ஏசி அறை, குளிர்ந்த நெக்டோ, நல்ல கவனிப்பு. இடுப்பெலும்புக்குள் இருக்கும் மச்சையை எடுத்து, அதிலிருந்து ஸ்டெம் செல்லை, அதாவது வேறு செல்களாக மாறக்கூடிய மூலச் செல்லைப் பிரித்து, முதுகில் ஊசியால் ஏற்றுவார்களாம். “செத்த மூளை திரும்ப முளைக்கும் சேர்” என்றார். நான் கனடா என்று தெரிந்ததும் ஒரு ஊசி மூன்றாகிவிட்டது. ஆதாரம் கேட்டால் போனில் வீடியோ காட்டுகிறார். முதலில் ஒருவர் படுத்திருக்கிறார், அடுத்ததில் நடக்கிறார். இடையில் எத்தனை மாதம், என்னென்ன பயிற்சி என்று கேட்டேன். இன்னொரு நெக்டோ வந்தது.

விஷயம் முழுப் பொய்யும் இல்லை, அதுதான் சிக்கல். 2016இல் ஸ்டான்ஃபோர்ட் மருத்துவர்கள் 18 பேருக்கு மண்டையோட்டில் சிறு துளையிட்டு, வேறொருவரின் மச்சையிலிருந்து தயாரித்த செல்களை மூளைக்குள் செலுத்தினார்கள். சிலருக்குக் கைகால் அசைவு கூடியது, உலகமெங்கும் செய்தியானது. அந்தச் செல்கள் புது நரம்பாக மாறவில்லை. அவை சுரக்கும் பொருட்கள் மிச்சமிருக்கும் மூளையைத் தூண்டுகின்றன என்பதே அவர்களின் விளக்கம். அப்புறம் அதே செல்லை 163 பேரிடம், சிலருக்குத் துளை மட்டும் போட்டு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எதிர்பார்த்த பலன் இல்லை என்று 2019இல் அறிவித்தார்கள். முகவர் சொன்னதற்குக் கிட்டடியானது, நோயாளியின் சொந்த மச்சைச் செல்லை இரத்தக்குழாய் வழியாக ஏற்றிய இந்திய ஆய்வு. 120 பேர், 2014இல் முடிவு வந்தது. கெடுதல் இல்லை, பலனும் இல்லை. 2016இல் வந்த இன்னொரு மருத்துவ அறிக்கை வயிற்றைக் கலக்கும். பாரிசவாதத்துக்காகப் பல நாடுகளில் காசு கொடுத்து ஸ்டெம் செல் ஏற்றிக்கொண்ட 66 வயது அமெரிக்கர் ஒருவருக்கு முதுகுத்தண்டில் கட்டி வளர்ந்துவிட்டது, அதுவும் வேறொருவரின் செல்களிலிருந்து.

இந்தியாவின் 2017 வழிகாட்டுதலில், இரத்த நோய்கள் போன்றவற்றுக்கான மச்சை மாற்றைத் தவிர மற்ற ஸ்டெம் செல் சிகிச்சையெல்லாம் ஆராய்ச்சிதான், ஆராய்ச்சிக்கு நோயாளியிடம் காசு வாங்கக்கூடாது என்றிருக்கிறது. முகவரிடம் சொன்னேன். “அது இந்தியாக்காரருக்கு சேர், நம்மட ஆக்களுக்கு இல்ல” என்றார். போகிற போக்கில், கனடாவில் வேறு ஆக்கள் இருந்தால் சேர்த்துவிடுங்க, கொமிஷன் தாறன் என்றும் ஒரு போடு போட்டார்.

உண்மையில் எனக்குப் பிடித்த சேவை ஆஸ்பத்திரி இயன் மருத்துவ (பிசியோதெரபி) பகுதியில் இருந்தது. சின்ன அறை, வாசல் வரை சக்கர நாற்காலிகள். ஒரு இளம் பிள்ளை மாமாவின் நல்ல கைக்குச் சமையல் உறையை மாட்டிவிட்டு, உடுப்புக் கிளிப்புகளை மற்றக் கையால் கயிற்றில் போடச் சொன்னா. முதலாவது விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. மாமா ஏசினார். மூன்றாவது தொங்கியது. “வீட்ட யார் சோறு தீத்துற?” என்று அந்தப் பிள்ளை கேட்க, மாமி தலையைக் குனிந்தா. விரல் கொஞ்சமாவது அசைகிறவர்களுக்கு, நல்ல கையைத் தடுத்து மற்றக் கையை வேலை வாங்கும் இந்த முறை பலன் தருவதை அமெரிக்காவில் 222 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2006இலேயே காட்டியிருக்கிறது.

குறை என்னவென்றால் நேரம் போதாது. அடுத்த தவணை கிடைக்க வாரங்களாகும், கிடைத்தாலும் கொஞ்ச நேரம்தான், ஓட்டோ காசு வேறு. அதனால் சென்னை ஊசிக்கென்று ஒதுக்கிய காசில், வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்க ஒருவரை ஒழுங்குசெய்தோம். ஒரு ஊசியின் விலையில் மாதக்கணக்கில் வருவார். இப்போது மாமா வலது கையில் கரண்டி பிடித்துத்தான் சாப்பிடுகிறார். பாதி சோறு சாரத்தில் விழுகிறது.

இன்னொன்று, மாமா பிறஷர் குளிசையை “இப்ப சுகம்தானே” என்று இடையில் நிறுத்தியிருந்தார். அடுத்த அடைப்புக்கு அதைவிட நல்ல வழி வேண்டுமா? ஊருக்கு வருகிறவர்கள் சொக்லேட்டோடு ஒரு பிறஷர் மெஷினும் கொண்டு வாருங்கள். மேற்கையில் கட்டுகிற மெஷினாக வாங்குங்கள், மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். நல்ல கையில் அளக்க மாமிக்குக் காட்டிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.